லண்டன் ராயல் அகாதெமியின் கோடைக் கண்காட்சி: ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை எப்படிப் பார்ப்பது?

கரிக்கோல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலையில் மகள் வீட்டில் தங்குவதற்காக லண்டன் செல்கிறேன். பள்ளி ஓவிய ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பதால், பிக்காடில்லி சாலையில் உள்ள பர்லிங்டன் மாளிகையில் கோடைதோறும் ராயல் அகாதெமி நடத்தும் கண்காட்சியை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பெயர் பெற்ற ஓவியர்களும், வீட்டு மாடியில் ஓய்வு நேரத்தில் வரைபவர்களும் ஒரே சுவரில் இடம்பெறுகிறார்கள் என்று கேள்விப்பட்டதே அதற்குக் காரணம்.

மருமகனோ, "அத்தை, சுவர் முழுக்கப் படங்களை அடைத்து வைத்திருப்பார்கள், உங்களுக்குத் தலைதான் சுற்றும், நேஷனல் கேலரிக்குக் கட்டணமே கிடையாது, அங்கேயே இன்னொரு நாள் போய் வாருங்கள்" என்கிறார். கட்டணம் கொடுத்துப் பார்க்கும் அளவுக்கு அது தகுதியானதா, எங்கிருந்து தொடங்கினால் களைப்பில்லாமல் பார்க்கலாம், சிறிய படம் ஒன்றை வாங்குவது நம்மைப் போன்றவர்களால் ஆகக்கூடியதா என்பதைச் சென்று வந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். எனக்கு முழங்கால் வலி உண்டு என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

தேம்ஸ்கரை

அம்மா, தயங்காமல் செல்லுங்கள். பல ஆண்டுகளாக நான் தவறாமல் பார்த்து வரும் கண்காட்சி இது. இதன் தன்மையைத் தெரிந்துகொண்டு போனால் தலை சுற்றாது.

ராயல் அகாதெமி 1768ஆம் ஆண்டு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஒப்புதலுடன் தொடங்கப்பட்டது. அதன் முதல் கண்காட்சி 1769இல் பால்மால் தெருவில் 136 படைப்புகளுடன் நடந்தது. அன்றிலிருந்து ஓர் ஆண்டுகூட இடைவெளி விழவில்லை. இரண்டு உலகப் போர்களின்போதும் நடந்தது; பெருந்தொற்று பரவிய 2020இல் கோடையில் திறக்க முடியாமல் அக்டோபரில் திறந்தார்கள். இன்று ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு, சில ஆண்டுகளில் அதற்கும் மேலான படைப்புகள் வைக்கப்படுகின்றன. ஓவியம், அச்சு, சிற்பம், நிழற்படம், கட்டடக்கலை மாதிரிகள் என எல்லாமே உண்டு. பெரும்பாலானவை விற்பனைக்கு உரியவை. அகாதெமிக்குக் கிடைக்கும் வருவாய் அங்குள்ள கலைப்பள்ளிக்கும் உதவுகிறது என்பதும், அந்தப் பள்ளியில் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு மாணவர்களுக்குக் கட்டணமின்றி நடக்கிறது என்பதும் எனக்கு மிகவும் பிடித்த செய்திகள்.

நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். சுவரில் படங்களுக்கு அருகே எண் மட்டுமே இருக்கும். பெயர், தலைப்பு, ஊடகம், விலை எல்லாம் தனிப் பட்டியலில்தான் இருக்கும். ஓர் அறைக்குள் நுழைந்ததும் பட்டியலைப் பிரிக்காமல் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்தப் படம் உங்களை நிறுத்துகிறதோ அதன் எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, பிறகு பெயரைப் பாருங்கள். புகழ்பெற்ற ஒருவரின் படத்தைச் சாதாரணமாகக் கடந்து வந்திருப்பதும், கேள்விப்படாத ஒருவரின் படத்தின் முன் நீண்ட நேரம் நின்றிருப்பதும் அப்போதுதான் தெரியவரும். நேஷனல் கேலரியில் காலம் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துத் தந்தவற்றைப் பார்க்கிறோம். இங்கே அந்த வேலையை நம் கண்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது. மாணவர்களுக்கு ஓவியம் கற்பித்த உங்களுக்கு அது கடினமாக இருக்காது என்று நம்புகிறேன்.

மண்வண்ணம்

தேம்ஸ்கரை அவர்களின் பரிவை மதிக்கிறேன். ஆயினும் மறுபக்கத்தையும் ஆசிரியை அம்மா தெரிந்துகொண்டு போவது நல்லது.

யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பது உண்மைதான். ஆனால் எல்லோரும் ஒரே வாசல் வழியாக உள்ளே வருவதில்லை. அகாதெமியின் உறுப்பினர்கள் தேர்வு எதுவுமின்றி ஆளுக்கு ஆறு படைப்புகள் வரை வைக்கும் உரிமை உடையவர்கள். வெளியாட்கள் அதிகபட்சம் இரண்டு அனுப்பலாம், அதுவும் ஒவ்வொன்றுக்கும் திரும்பக் கிடைக்காத கட்டணம் செலுத்தி. இவ்வளவையும் கடந்து உள்ளே வரும் புதியவரின் சிறிய படம், கண்ணுக்கு எட்டாத உயரத்தில், அருகிலுள்ள நான்கு படங்களின் நிறக் கூச்சலுக்கு நடுவே தொங்கினால், அதைக் காட்சிப்படுத்தியதாக எப்படிச் சொல்வது? ஓர் ஓவியத்துக்குத் தன்னைச் சுற்றி மூச்சுவிட இடம் வேண்டும். அமைதியான நிறங்களில் வரைபவர்களுக்கு இந்தச் சுவர் பெரும் அநீதி இழைக்கிறது. பளிச்சென்ற சிவப்பும் பெரிய முகமும்தான் இங்கே வெல்கின்றன. இருபது நல்ல படங்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவரைக் கொடுக்கும் சிறிய கூடம் எனக்கு இதைவிட மேலானது.

தேம்ஸ்கரை

மண்வண்ணம் அவர்களே, உங்கள் குறையின் வயது கிட்டத்தட்ட அந்தக் கண்காட்சியின் வயதேதான். அதனால் அது பொய்யாகிவிடாது. ஆனால் சண்டை எப்படி நடந்து வந்திருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

1780 முதல் 1836 வரை கண்காட்சி ஸ்ட்ராண்ட் சாலையிலுள்ள சாமர்செட் மாளிகையின் மாடியில், மேற்கூரையிலிருந்து ஒளி விழும் பேரறையில் நடந்தது. தரையிலிருந்து ஏறத்தாழ எட்டடி உயரத்தில் சுவரைச் சுற்றி ஒரு மரவிளிம்பு ஓடும். பெரிய படங்களின் அடிப்பகுதி அந்த விளிம்பில் அமரும். மேல்பகுதி பார்வையாளரை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கும். அதற்கு மேலே கூரை வரைக்கும், கீழே தரைக்கு அருகிலும், சட்டகத்தோடு சட்டகம் முட்டிக்கொள்ளுமாறு மற்ற படங்கள். அந்த விளிம்பை ஒட்டி இடம் கிடைப்பதுதான் பெருமை. 1784இல் ஓவியர் கெயின்ஸ்பரோ, மூன்று இளவரசியரின் உருவப்படத்தைத் தாழ்வாக மாட்ட வேண்டும், மென்மையாக வரைந்திருப்பதால் உயரத்தில் வைத்தால் அதன் நயம் தெரியாது என்று கேட்டார். அகாதெமி மறுத்தது. அவர் அனுப்பிய படங்கள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டதோடு, 1788இல் இறக்கும் வரை அங்கே மீண்டும் காட்சிக்கு வைக்கவேயில்லை. நீங்கள் அமைதியான நிறங்களுக்காக வாதாடுவதைத்தான் அவரும் செய்தார்.

ஆனால் நெருக்கத்தால் மட்டுமே விளையும் ஒன்றும் உண்டு. 1832இல் கான்ஸ்டபிள் என்ற ஓவியர் பல ஆண்டுகள் உழைத்து முடித்த வாட்டர்லூ பாலத் திறப்புவிழாப் படம், சக ஓவியர் டர்னரின் சாம்பல்நிறக் கடற்படம் ஒன்றுக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. திறப்புக்கு முன் உறுப்பினர்கள் தங்கள் படங்களைச் சுவரிலேயே திருத்திக்கொள்ள அனுமதிக்கப்பட்ட நாட்கள் அவை. கான்ஸ்டபிள் தம் படத்திலுள்ள கொடிகளுக்குச் செந்நிறம் ஏற்றிக்கொண்டிருந்தார். டர்னர் பின்னால் வந்து நின்றார், இரண்டு படங்களையும் மாறிமாறிப் பார்த்தார். தம் கடலின் நடுவே ஒரு ஷில்லிங் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாகச் சிவப்புத் திட்டு ஒன்றை வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டார். அந்த ஒற்றைச் சிவப்பின் முன் கான்ஸ்டபிளின் கொடிகள் அத்தனையும் வெளிறின. "அவர் இங்கே வந்தார், துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போய்விட்டார்" என்று கான்ஸ்டபிள் சொன்னதாக, அருகிலிருந்த ஓவியர் லெஸ்லி எழுதி வைத்திருக்கிறார். பிறகு டர்னர் வந்து அந்தத் திட்டைக் கடலில் மிதக்கும் மிதவையாக மாற்றினார். தனித்தனிச் சுவர்களில் இருந்திருந்தால் அந்தச் சிவப்பு தோன்றியே இருக்காது. பக்கத்துப் படத்தோடு பேசவும் மோதவும் ஒரு படத்துக்கு வாய்ப்புக் கிடைப்பதைத்தான் நான் இந்தச் சுவரின் நியாயமாகக் கருதுகிறேன்.

ஆசிரியை அம்மாவுக்கு ஒரு குறிப்பு: அந்தப் பேரறை இன்றும் இருக்கிறது. அது இப்போது கோர்ட்டால்ட் கேலரியின் மேல்தளம். மானே, வான்கோ, சோரா ஆகியோரின் படங்கள் தாராளமான இடைவெளியுடன் அங்கே தொங்குகின்றன. மண்வண்ணம் அவர்கள் விரும்பும் முறை, அவர் வெறுக்கும் முறை பிறந்த அறையிலேயே நடக்கிறது! பழைய படிக்கட்டு செங்குத்தானது என்பதால் மின்தூக்கியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அச்சுக்கூடத்தான்

நான் எட்சிங் செய்பவன், அதாவது செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மையிட்டுத் தாளில் படம் அச்சிடுபவன். இந்தக் கண்காட்சிக்கு அனுப்பி, நிராகரிக்கப்பட்டும் தேர்வாகியும் இருக்கிறேன். உள்ளே நடப்பதைச் சொன்னால் இருவரின் வாதத்துக்கும் உதவும்.

முதல் சுற்றில் படைப்பின் டிஜிட்டல் படத்தைத்தான் அனுப்புகிறோம். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வருகின்றன. அவற்றிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்ட சில ஆயிரம் படைப்புகள் மட்டும் பர்லிங்டன் மாளிகைக்கு நேரில் கொண்டுவரப்படுகின்றன. குழுவினர் அவற்றை மறுபடி பார்க்கிறார்கள். ஆண்டுக்கொரு உறுப்பினர் ஒருங்கிணைப்பாளர். குழுவிலுள்ள மற்றவர்கள் ஆளுக்கு ஓர் அறையை எடுத்துக்கொள்வார்கள். ஓர் அறை ஏன் இன்னோர் அறையைப்போல் இருப்பதில்லை என்பதற்குக் காரணம் இதுதான். 2018இல் கிரேசன் பெர்ரி ஒருங்கிணைத்தபோது மிகப் பெரிய அறையான மூன்றாம் அறையின் சுவர்களுக்கே மஞ்சள் அடித்துவிட்டார்.

வெளியாட்களைப் பொறுத்தவரை பெயருக்கு மதிப்பு உண்டு என்பதற்கு அதே ஆண்டு ஒரு சான்று கிடைத்தது. முகம் காட்டாத தெருச்சுவர் ஓவியர் பேங்க்சி வேறொரு பெயரில் ஒரு படத்தை அனுப்ப, அது நிராகரிக்கப்பட்டது. பின்னர் அவரையே ஏதாவது தருமாறு அகாதெமி கேட்க, நிராகரிக்கப்பட்டதன் இன்னொரு வடிவத்தைக் கொடுத்தார், அது சுவரில் ஏறியது. இதை அவரே வெளியிட்டார். மாறாக, 1947இல் வின்ஸ்டன் சர்ச்சில் டேவிட் விண்டர் என்ற பெயரில் அனுப்பிய இரண்டு படங்கள் ஏற்கப்பட்டன. பெயர் தெரியாமல் ஏற்கப்பட்டவரும், பெயர் தெரிந்தவுடன் வரவேற்கப்பட்டவரும் இரண்டு வகையான செய்தியைச் சொல்கிறார்கள். மண்வண்ணம் அவர்களின் ஐயத்தை நான் முழுமையாகத் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் சிறிய படங்களைப் பற்றி அவர் சொன்னது எனக்கு வலித்தது. அச்சுப் படங்கள் கூடும் அறையில் நெருக்கமே அழகு. ஓர் எட்சிங்கின் அருகே முகத்தைக் கொண்டுபோனால், செப்புத் தகட்டின் விளிம்பு ஈரத்தாளை அழுத்தியதால் படத்தைச் சுற்றிலும் பள்ளமாக விழுந்த கோடு தெரியும். அமிலம் ஆழமாக அரித்த இடத்தில் மை தாளின் மேல் மெல்லிய வரப்பாக நிற்கும். துணியால் துடைக்கும்போது சற்று மை விட்டுவைத்த இடம் மாலை வெளிச்சம்போல் மங்கியிருக்கும். கீழே இடப்பக்கம் பென்சிலில் ஒரு பின்னம்: மேலே உள்ளது அந்தப் பிரதியின் எண், கீழே உள்ளது மொத்தப் பிரதிகள். இதையெல்லாம் ஒரு அடி தூரத்தில் நின்றுதான் பார்க்க முடியும். ஒரு அடி தூரத்தில் நிற்பவருக்குப் பக்கத்துப் படம் தொந்தரவு செய்வதில்லை.

வாங்குவது குறித்து: பெரிய ஓவியங்களின் விலை ஆயிரக்கணக்கான பவுண்டுகளில் போகும், சிறிய அச்சுகளில் சில நூறுக்குள் கிடைப்பவை உண்டு. விற்ற படத்தின் பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டுவார்கள். அச்சு என்றால் விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு புள்ளி. ஒரு நரியையோ பூனையையோ லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட சிறு லினோகட்டைச் சுற்றிப் புள்ளிகள் அம்மை போட்டதுபோல் மொய்த்திருப்பதைக் காண்பீர்கள். பிரதிகள் மீதமிருந்தால் நீங்களும் வாங்கலாம். விற்பனையில் ஒரு பங்கை அகாதெமி எடுத்துக்கொண்டு மீதியைக் கலைஞருக்குத் தருகிறது.

கோட்டைமேடு

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு தொடர்பைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஆங்கிலேய ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவர் சகோதரரின் மகன் வில்லியம் டேனியலும் 1792, 1793 ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பயணம் செய்து, மதுரை, மாமல்லபுரம், பாபநாசம் அருவி முதலிய இடங்களை வரைந்தார்கள். இங்கிலாந்து திரும்பிய பின் இந்தியக் காட்சிகளைத் தொடர்ந்து இந்தக் கண்காட்சியில் வைத்தார்கள். சாமர்செட் மாளிகையின் அந்தப் பேரறையில் கூடிய லண்டன் மக்களில் பலர் இந்தியக் கோயில் கோபுரத்தை முதன்முதலில் வண்ணத்தில் பார்த்திருக்கக்கூடிய இடங்களில் அதுவும் ஒன்று. 1822இல் உறுப்பினர் தேர்தலில் வில்லியம் டேனியல் கான்ஸ்டபிளைத் தோற்கடித்தார் என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

இன்னொன்று: சென்னைத் தீவுத்திடல் அருகே அங்கவடி இல்லாத குதிரையில் அமர்ந்திருக்கும் மன்றோ சிலையை நம்மில் பார்க்காதவர் குறைவு. அதைச் செய்த பிரான்சிஸ் சாண்ட்ரி ராயல் அகாதெமியின் உறுப்பினர். 1841இல் இறந்த அவர் விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு, பிரிட்டனில் உருவாகும் கலைப்படைப்புகளை நாட்டுக்காக வாங்கும் அறக்கட்டளை ஒன்று பின்னர் இயங்கத் தொடங்கியது. 1887ஆம் ஆண்டுக் கோடைக் கண்காட்சியில் சார்ஜென்ட் என்ற ஓவியர் வைத்த, மாலை வேளையில் இரு சிறுமியர் தோட்டத்தில் காகித விளக்குகளை ஏற்றும் புகழ்பெற்ற ஓவியம் அந்தப் பணத்தில்தான் வாங்கப்பட்டது. இன்று லண்டனின் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் அதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். நேரம் இருந்தால் அங்கேயும் சென்று வாருங்கள்.

ஓர் ஆசிரியையாக நீங்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும். அகாதெமியைத் தொடங்கியவர்களில் ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இரு பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பிறகு ஒரு பெண் முழு உறுப்பினராவதற்கு 1936இல் லாரா நைட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1874இல் எலிசபெத் தாம்சன் வரைந்த படைவீரர் படத்துக்குக் கூட்டம் நெரித்ததால் காவலரை நிறுத்தினார்கள். 1879இல் உறுப்பினர் தேர்தலில் அதே பெண் இரண்டே வாக்குகளில் தோற்றார். ஆனால் கண்காட்சிச் சுவர் இந்த இடைக்காலம் முழுவதும் பெண்களுக்குத் திறந்தே இருந்தது. சங்கத்தின் கதவு மூடியிருந்தபோதும் திறந்திருந்த இந்தச் சுவரை நான் சிறியதாக எண்ணமாட்டேன்.

மண்வண்ணம்

கோட்டைமேடு அவர்கள் கடைசியாகச் சொன்னது என்னை யோசிக்க வைக்கிறது. திறந்த அழைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னையிலோ டெல்லியிலோ அறியப்படாதவர்களுக்கு இத்தகைய வாசல் இன்னும் அகலமாக வேண்டும் என்றே விரும்புகிறேன். உறுப்பினர்களின் ஆறு படைப்பு உரிமையைக் குறைத்து, அந்த இடத்தை வெளியாட்களுக்கு மூச்சுவிடக் கொடுக்கலாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆசிரியை அம்மா பார்த்துவிட்டு வந்து, உயரத்தில் தொங்கிய படங்களில் எதையாவது உண்மையாகப் பார்க்க முடிந்ததா என்று எழுதினால் மகிழ்வேன்.

தேம்ஸ்கரை

நடைமுறைச் செய்திகள்: கிரீன் பார்க், பிக்காடில்லி சர்க்கஸ் நிலையங்கள் இரண்டுமே நடக்கும் தூரம். திங்கட்கிழமைகளில் பொதுவாக மூடியிருக்கும், கிளம்பும் முன் இணையதளத்தில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் திறந்தவுடன் சென்றால் அமர்வதற்கு இடம் கிடைக்கும். முற்றத்தில் பெரிய சிற்பம் ஏதாவது வைத்திருப்பார்கள். அதில் நேரத்தைச் செலவிடாமல் முதலில் உள்ளே போய்விடுங்கள். கட்டடக்கலை மாதிரிகள் உள்ள அறையைப் பலரும் விரைவாகக் கடந்துவிடுகிறார்கள், அங்கே நிதானமாக மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அதே வளாகத்தில் கட்டணமில்லாத நிரந்தரக் கூடத்தில் மைக்கேலாஞ்சலோவின் வட்டமான சலவைக்கல் சிற்பம் இருக்கிறது, பிரிட்டனில் உள்ள அவருடைய ஒரே சலவைக்கல் சிற்பம் அது.

கரிக்கோல்

நண்பர்களே, சென்று வந்தேன். உங்கள் அனைவருக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

மண்வண்ணம் ஐயா கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். மேல்வரிசையில் இருந்த சிறிய நீர்வண்ணப் படங்களை என்னால் பார்க்க முடியவில்லை. எண்ணைக்கூட மகள்தான் படித்துச் சொன்னாள். அங்கே பெரிய படங்கள் மட்டுமே தாக்குப்பிடிக்கின்றன. சிறியதை மேலே ஏற்றுவது தவறு என்ற உங்கள் கருத்தோடு நான் முழுமையாக உடன்படுகிறேன்.

ஆனால் கண்மட்டத்திலும் அதற்குக் கீழும் நடந்தது வேறு. ஒரு மூலையில், என் இடுப்பு உயரத்தில், சமையலறைத் தொட்டியில் கவிழ்த்து வைத்த பாத்திரங்களை வரைந்த சிறிய எண்ணெய் ஓவியம் இருந்தது. ஒரு கிண்ணத்தின் விளிம்பில் வெள்ளையை ஒரே இழுப்பில் வைத்திருந்தார்கள். தூரிகை மயிரின் தடம்கூடத் திருத்தப்படாமல் அப்படியே இருந்தது. திருத்தினால் கெட்டுவிடும் என்று தெரிந்து நிறுத்திய கை அது. மாணவர்களுக்கு நான் ஆண்டுக்கணக்கில் சொல்லிக் கொடுக்க முயன்றது அந்த நிறுத்தத்தைத்தான். பட்டியலைத் திறந்தபோது அது உறுப்பினர் ஒருவரின் படம் அல்ல என்று தெரிந்தது. அதற்கு மேலே இருந்த பெரிய படத்தை வரைந்தவர் பெயரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை நான் இரண்டாவது முறை பார்க்கவில்லை. அந்தச் சுவரில் அவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால்தான் இந்த ஒப்பீட்டை என்னால் செய்ய முடிந்தது. ஆகவே நெருக்கம் வேண்டாம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

மருமகனும் உடன் வந்திருந்தார். கட்டடக்கலை அறையில் மூங்கிலும் காகித அட்டையும் கொண்டு செய்த மாதிரிகளின் முன்னிருந்து அவரை நகர்த்துவதுதான் கடினமாக இருந்தது.

அச்சுக்கூடத்தான் தம்பி சொன்ன அறையில், மழையில் நனைந்த ஒரு பேருந்து நிறுத்தத்தின் எட்சிங் பிரதி ஒன்றை வாங்கியிருக்கிறேன். எனக்கு முன்பே சிலர் வாங்கியிருந்ததால் புள்ளிகளோடு புள்ளியாக என்னுடையதும் சேர்ந்தது. ஆகஸ்டு முதல் வாரமே நான் ஊர் திரும்புகிறேன். கண்காட்சி முடிந்த பிறகுதான் படம் கைக்கு வரும் என்கிறார்கள். கோவைக்குக் கொண்டுவருவதற்கு எது பாதுகாப்பான வழி?

அச்சுக்கூடத்தான்

மிக்க மகிழ்ச்சி அம்மா. மகளின் முகவரிக்கே அனுப்பச் சொல்லிவிடுங்கள். சட்டகம் இல்லாத பிரதியாகக் கேட்டிருந்தால் நல்லது. கண்ணாடி போட்ட சட்டகம் விமானப் பயணத்தில் உடைந்தால் தாள் கிழிந்துவிடும். அமிலமற்ற மெல்லிய தாளால் மூடி, இரண்டு விறைப்பான அட்டைகளுக்கு இடையே தட்டையாக வைத்து, அடுத்து ஊருக்கு வருபவரின் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். கைப்பையில் அடங்காத அளவென்றால் மட்டும், அகலமான குழாயில் தளர்வாகச் சுருட்டலாம், ஆனால் ஊர் வந்து சேர்ந்த அன்றே பிரித்துவிட வேண்டும். சட்டகம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி இடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கண்ணாடியோடு தாள் ஒட்டிக்கொண்டால் பூஞ்சை பிடித்துவிடும். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம்.